கருப்பை வாய்ப் புற்றும் ஒரு சின்னஞ்சிறு வைரஸும்



புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்தாலே நம் வீடுகளில் பேச்சு தாழ்ந்துவிடுகிறது. நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அது வேண்டாத அச்சம். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. நோயுற்றவரைத் தொடுவதாலோ, அவர் உண்ட தட்டில் உண்பதாலோ, அவருக்குப் பணிவிடை செய்வதாலோ அது யாருக்கும் வராது. இதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் இனி நான் எழுதப்போவது இதற்கு நேர்மாறானது போலத் தோன்றும்.

புற்றுநோய் தொற்றாது. ஆனால் சில புற்றுநோய்களுக்கு வித்திடுகின்ற கிருமி தொற்றும். பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் அவ்வகையைச் சேர்ந்தது. அதற்குக் காரணமான கிருமியின் பெயர் மனிதப் பாப்பிலோமா வைரஸ். மருத்துவர்கள் எச்.பி.வி. என்று சுருக்கி அழைப்பர். இந்நோய் கண்ட பெண்களில் ஏறத்தாழ எல்லோரிடமும் இந்த வைரஸ் இருப்பது சோதனைகளில் தெரிகிறது.

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 3,50,000 பேர் இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 80,000 பேர் இந்தியப் பெண்கள். நாற்பது, ஐம்பது வயதுகளில் மிகுதியாக வரும் நோய் இது. மகள் பள்ளியிறுதி வகுப்பிலோ கல்லூரியிலோ இருக்கும்போது தாயைக் கொண்டுபோகின்ற நோய் என்று சொன்னால் அதன் கொடுமை விளங்கும். இத்தனைக்கும் இது தடுக்கக்கூடியது. எப்படித் தடுக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர்களில் ஒன்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சற்றுப் பார்ப்போம்.

வெரோனா நகரத்துக் கன்னியர்

இத்தாலி நாட்டின் வெரோனா நகரில் ரிகோனி ஸ்டெர்ன் என்றொரு மருத்துவர் இருந்தார். அவர் 1760 முதல் 1839 வரை அந்நகரில் இறந்தோரின் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டு, யார் யார் எந்நோயால் இறந்தனர் என்று பொறுமையாகக் கணக்கிட்டார். 1842இல் அதை வெளியிட்டார். மணமான பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாக வந்திருந்தது. மடங்களில் வாழ்ந்த கன்னியருக்கோ அது அரிதாகவே வந்திருந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் கன்னியரிடமே மிகுதி. காரணம் என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை. வைரஸ் என்ற ஒன்று உண்டு என்பதே அக்காலத்தில் யாருக்கும் தெரியாது.

இல்லற உறவில் ஏதோ ஒன்று இந்நோயைக் கொண்டுவருகிறது என்ற முதல் குறிப்பு இவ்வாறு கன்னியர் மடங்களின் பதிவுகளிலிருந்து கிடைத்தது. நம் அருட்சகோதரிகள் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். கூடவே அந்த மருத்துவரின் இரண்டாவது கணக்கையும் அவர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளை பெறுவதும் பாலூட்டுவதும் மார்பகப் புற்றுக்கு எதிராக ஓரளவு காப்பளிக்கின்றன என்பது பின்னாளில் தெளிவாயிற்று. அந்தக் காப்பு கன்னியருக்கு இல்லை. ஊரார் நோய்க்கெல்லாம் ஓடுகின்ற சகோதரிகள் தம்மைச் சோதித்துக்கொள்ள மட்டும் நேரம் ஒதுக்குவதில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த துப்பு முயலிடமிருந்து கிடைத்தது. அமெரிக்கக் காட்டு முயல்கள் சிலவற்றின் தோலில் கொம்பு போன்ற மருக்கள் முளைப்பதுண்டு. அவற்றை ஒரு வைரஸ் உண்டாக்குகிறது என்று 1933இல் ரிச்சர்டு ஷோப் என்பவர் காட்டினார். அந்த மருக்களில் சில பின்பு புற்றாக மாறுவதும் தெரிந்தது. மருவுக்கும் புற்றுக்கும் உறவு உண்டு என்று அப்போதே சொல்லப்பட்டும், மனிதரைப் பொறுத்தவரை அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1970களில் கருப்பை வாய்ப் புற்றுக்கு ஹெர்ப்பீஸ் என்னும் வேறொரு வைரஸே காரணம் என்று பெரும்பாலான அறிஞர் நம்பினர். ஜெர்மானியரான ஹரால்டு சூர் ஹௌசன் மட்டும் புற்றுத் திசுக்களில் ஹெர்ப்பீஸைத் தேடிப் பார்த்துவிட்டு, அது அங்கே இல்லை என்று சொன்னார். மருவை உண்டாக்கும் பாப்பிலோமா இனத்தைத் தேட வேண்டும் என்றார். அவர் சொன்னதைக் கேட்பார் குறைவு. எனினும் அவரும் அவர் மாணவர்களும் விடாமல் தேடி, 1983இல் 16ஆம் வகை வைரஸையும், 1984இல் 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களிலேயே கண்டுபிடித்தனர். தாம் பிரித்தெடுத்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் அவர் கொடுத்தார். 2008இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 2023இல் காலமானார்.

இங்கே ஒரு பெண்ணையும் நினைவுகூர வேண்டும். ஹென்றியட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத் தாய் 1951இல் இந்நோயால் இறந்தார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். அவர் உடலிலிருந்து எடுத்த புற்றுச் செல்கள் சோதனைச்சாலையில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. இன்றும் உலகெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்கக்கூட அவை உதவின. அந்தச் செல்களுக்குள்ளும் 18ஆம் வகை வைரஸ் இருப்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவற்றை எடுத்தபோது அந்தத் தாயிடமோ குடும்பத்தாரிடமோ யாரும் அனுமதி கேட்கவில்லை. அனுமதி என்ற இச்சொல்லுக்கு நாம் மறுபடியும் வருவோம்.

வைரஸ் செய்யும் வேலை

கருப்பை தலைகீழாகப் பிடித்த ஒரு பேரிக்காய் போன்றது. அதன் கீழ்ப்புறக் குறுகிய கழுத்தே கருப்பை வாய். அதன் மேற்பரப்பைச் செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் ஒன்றின் வழியாக வைரஸ் அடியடுக்குக்குப் போய்ச் சேருகிறது.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் காவலர்போல் வேலை செய்யும் புரதங்கள் உண்டு. அவற்றுள் இரண்டை இங்கே அறிந்துகொண்டால் போதும். ஒன்று, செல் தேவையில்லாமல் பிளந்து பெருகாதபடி பிடித்து வைத்திருக்கும். மற்றொன்று, செல்லின் மரபுப் பொருளில் பழுது ஏற்பட்டால் அதைச் சரிசெய்யும் வரை வேலையை நிறுத்தும். சரிசெய்ய முடியாத பழுதானால் அந்தச் செல்லையே மாண்டுபோகச் செய்யும். எச்.பி.வி. தன் பங்குக்கு இரண்டு புரதங்களை உற்பத்தி செய்கிறது. ஒன்று முதல் காவலனைச் செயலற்றவனாக்குகிறது. மற்றது இரண்டாம் காவலனை அழிவுக்கு அனுப்புகிறது. காவல் இல்லாத வீட்டில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. செல்கள் கட்டின்றிப் பெருகுகின்றன. பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின் அவற்றுள் ஒன்று புற்றாகிறது.

பாப்பிலோமா வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை. கையிலும் காலிலும் வரும் சாதாரண மருக்களை உண்டாக்குவனவும் இவ்வினத்தில் உண்டு. அவை வேறு வகைகள். ஆகவே விரலில் மரு இருக்கும் மாணவி யாரும் இதைப் படித்துவிட்டு இரவு தூங்காமல் இருக்க வேண்டாம். ஆபத்தானவை பன்னிரண்டு பதினான்கு வகைகளே. அவற்றுள்ளும் 16, 18 ஆகிய இரண்டே கருப்பை வாய்ப் புற்றில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் காரணம்.

இந்த வைரஸ் உடலுறவின் வழியாகப் பரவுகிறது. இதைச் சொல்லத் தயங்கியே நாம் பல தாய்மாரை இழந்திருக்கிறோம். ஆதலால் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இது ஒழுக்கக் கேட்டின் அடையாளமன்று. வாழ்க்கையில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொற்றாதவர் அரிது என்னும் அளவுக்கு இது பரவியிருக்கிறது. கணவர் ஒருவரையன்றி வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். எந்த ஆண்டில் தொற்றியது, யாரால் தொற்றியது என்று சொல்லவும் முடியாது. நோயுற்ற ஒரு பெண்ணை ஊரார் அப்படி இப்படிப் பேசுவது பாவம் மட்டுமன்று, அறியாமையும் கூட.

தொற்றியவர் எல்லோருக்கும் புற்று வருவதில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே வைரஸை விரட்டிவிடுகிறது. அவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலரிடத்தில் மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியது புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும். உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு அதைவிட விரைவாக ஆகலாம்.

பதினைந்து ஆண்டு என்பது நீண்ட காலம். அந்த இடைவெளியில் கருப்பை வாயின் மேற்பரப்பில் மாற்றங்கள் தென்படத் தொடங்கிவிடும். வலி இருக்காது, வேறு குறியும் இருக்காது. தேடினால் கிடைக்கும், தேடாவிட்டால் தெரியாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது

1985 வரை நம் மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்ததே திண்டுக்கல். அங்கே ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் அம்பிளிக்கை என்றோர் ஊர் இருக்கிறது. நம் பசுமலையிலிருந்து புறப்பட்டால் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். காய்கறிச் சந்தைக்கும் முருங்கைக்கும் பேர்போன பக்கம் அது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மருத்துவ நிலையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்சு நாட்டின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கின. லியோன் நிறுவனத்தின் சார்பில் அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். அடையாறு நிலையமோ, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் எழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மேலைநாடுகளில் 'பாப்' சோதனை என்பது நெடுங்காலமாக நடந்து வருகிறது. கருப்பை வாயிலிருந்து சில செல்களை வழித்தெடுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதனால் அங்கே சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அதற்குச் சோதனைச்சாலை வேண்டும், பயின்ற நிபுணர் வேண்டும், முடிவு வர நாளாகும், முடிவைக் கேட்க அந்தப் பெண் மறுபடியும் வரவேண்டும். களையெடுக்கப் போகும் கூலியை விட்டுவிட்டு ஒரு நாள் வருபவர் இரண்டாம் நாளும் வருவாரா? ஊர்ப்புறத்துக்கு ஏற்ற எளிய வழி ஒன்று தேவைப்பட்டது.

அந்த எளிய வழியை நம் பள்ளி வேதியியல் கூடத்தில் வைத்தே விளக்கலாம். அங்கே புட்டியில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு என்னும் அளவில் நீரில் கலந்தால் வினிகர் போன்ற திரவம் கிடைக்கும். பஞ்சில் தோய்த்து அதைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். நல்ல செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கெட்டுவரும் செல்களில் புரதம் மிகுதி. அமிலம் பட்டதும் அது உறைந்து, அவ்விடம் வெள்ளையாகத் தெரியும். இதைப் பார்க்க நல்ல விளக்கும் பயின்ற கண்ணும் போதும். திண்டுக்கல்லில் இதைச் செய்தவர்கள் செவிலியர். வெண்மை தெரிந்தால் மேலும் சோதித்து, தேவையானால் உறைகுளிர் கருவியால் அவ்விடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே கொடுத்தனர். பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும்.

மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் பாதிக்குச் சோதனை, பாதிக்கு வழக்கமான மருத்துவ வசதி என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சோதனைக்குரிய தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் இருந்தனர். அவர்களுள் 31,343 பேர் வந்து சோதித்துக்கொண்டனர். மற்ற தொகுதிகளில் 30,958 பெண்கள். 2006 இறுதி வரை எல்லோரையும் தொடர்ந்து கவனித்தார்கள். லட்சம் பெண்களை ஓராண்டு கவனித்தால் எத்தனை சாவு என்று கணக்கிட்டபோது, சோதனை நடந்த ஊர்களில் அது ஏறத்தாழ 40. நடவாத ஊர்களில் 57. வயது முதலிய வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டபின், இந்நோய் வருவது நூற்றுக்கு 25 பங்கும், இதனால் இறப்பது 35 பங்கும் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். ஒரே ஒரு முறை, பஞ்சும் வினிகரும் கொண்டு செய்த சோதனையால் கிடைத்த பலன் அது.

ஒப்பீட்டுக்காக விடப்பட்ட ஊர்களின் பெண்களுக்குச் சோதனை செய்யாமல் இருந்தது முறையா என்று பின்னாளில் அறிஞர் சிலர் கேட்டனர். அந்த ஊர்களில் 92 பெண்கள் இந்நோயால் இறந்தனர் என்பதைப் படிக்கும்போது எனக்கும் அக்கேள்வி உறுத்தவே செய்கிறது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்னொரு கணக்கும் என் மனத்தை விட்டு அகலவில்லை. செவிலியர் ஊர் தேடிப் போயும், செலவு ஒன்றும் இல்லாதிருந்தும், ஏறத்தாழ 18,000 பெண்கள் சோதனைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. நம் தெருவில் கேட்டாலே போதும். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே", "அதையெல்லாம் போய்க் காட்டிக்கிட்டு", "வீட்ல என்ன சொல்லுவாங்களோ", "இருந்தாத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்" என்பவையே பதில்கள். ஒன்றும் இல்லாதபோது வருவதற்காகவே ஏற்பட்ட சோதனை இது. உடலில் ஒன்று தெரியத் தொடங்கியபின் வந்தால், மதுரையில் பாலரங்காபுரத்து அரசு மருத்துவமனைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக நாட்கணக்கில் அலைய நேரிடும்.

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் வேறோர் ஆராய்ச்சி நடந்தது. அங்கே வைரஸையே நேராகக் கண்டுபிடிக்கும் சோதனையை ஒரு முறை செய்ததில், சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2009இல் அறிவித்தனர். செலவு கூடுதலானாலும் இதுவே சிறந்தது என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைக்கிறது.

ஊசியும் அனுமதியும்

நோய் வைரஸால் வருகிறது என்று தெரிந்தபின் தடுப்பூசியைப் பற்றிய எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் வைரஸ் புற்றை உண்டாக்குவது. அதை உயிரோடோ கொன்றோ யாருக்கும் ஊசியில் ஏற்ற முடியாது. ஆஸ்திரேலியாவில் இயான் ஃபிரேசர், ஜியான் சௌ என்னும் இருவர் 1991இல் இதற்கு வழி கண்டனர். வைரஸின் மேலோட்டுப் புரதத்தை மட்டும் தனியாகச் செய்தால், அது தானாகவே ஒன்றுகூடி வைரஸ் வடிவத்தில் ஓர் உருண்டையாகிவிடுகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. பருப்பில்லாத தேங்காய் ஓடு போன்றது. தொற்றவும் முடியாது, நோய் தரவும் முடியாது. ஆனால் உடல் அதை வைரஸ் என்றே எண்ணி எதிர்ப்பொருளை உருவாக்கிவைத்துக்கொள்கிறது.

2006 முதல் இத்தடுப்பூசி உலகில் வழக்கத்துக்கு வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இதைப் போட்டுக்கொண்ட ஸ்காட்லாந்துப் பெண்களில் ஒருவருக்குக்கூட கருப்பை வாய்ப் புற்று வரவில்லை என்று 2024இல் அங்கிருந்து அறிவிப்பு வந்தது. பூட்டான் 2010இலும் இலங்கை 2017இலும் தம் பள்ளிச் சிறுமியருக்கு இதைக் கொடுக்கத் தொடங்கின. நம் நாட்டில் சிக்கிம் மாநிலம் 2018இல் தொடங்கியது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவேக்' என்னும் நம் நாட்டுத் தடுப்பூசிக்கு 2022இல் அனுமதி கிடைத்தது.

இந்தியாவில் இவ்வூசி வந்த வழி மேடுபள்ளமானது. அதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் ஓர் அயல்நாட்டு அமைப்பு பல்லாயிரம் சிறுமியருக்கு ஊசி போடும் செயல்விளக்கத் திட்டத்தை நடத்தியது. அவர்களுள் சிலர் பின்பு இறந்த செய்தி நாட்டைக் குலுக்கியது. விசாரணையில் அச்சாவுகளுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்று தெரிந்தது. ஆனால் வேறொன்று வெளியே வந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரிடம் அனுமதி கேட்காமல், விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் படிவங்களில் கையொப்பமிட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதாகவே இருக்கலாம். ஆனாலும் கேட்காமல் போடுவது தவறு. விடுதி நடத்தும் பள்ளிகள் இதை மறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சர்ச்சையால் 2010 ஏப்ரலில் அரசு இத்தகைய ஊசி ஆய்வுகள் அனைத்தையும் நிறுத்தியது. அப்போது லியோன் நிறுவனம் இந்தியாவின் ஒன்பது இடங்களில் வேறோர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. ஒன்பதில் ஒன்று நம் அம்பிளிக்கை. 10 முதல் 18 வயது வரையுள்ள பெண்களுக்கு இரண்டு ஊசி போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதே நோக்கம். திடீரென்று நிறுத்தியதால், ஒரே ஊசியோடு நின்றுபோனவர்கள் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர். ஆய்வு பாழாயிற்று என்றே நினைத்திருப்பார்கள். ஆனாலும் அந்தப் பெண்களைக் கைவிடாமல் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவு எல்லோரையும் வியப்பில் ஆழ்த்தியது. 16, 18 ஆகிய வகைகள் உடலில் தங்கிவிடாமல் தடுப்பதில் மூன்று ஊசியும் இரண்டு ஊசியும் ஒற்றை ஊசியும் ஒன்றுபோலவே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காப்பளித்தன. ஒரு ஊசியும் போதலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதற்கு, ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வோடு இந்த இந்தியப் பெண்களின் கணக்கும் ஆதாரமாயிற்று. ஒற்றை ஊசி என்றால் ஏழை நாடுகளுக்குச் செலவு எவ்வளவு குறையும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தமிழக அரசு 2025-26ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் படிப்படியாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆதலால் இது குறித்த படிவம் உங்கள் பள்ளிப் பைக்குள் வீட்டுக்கு வரும்போது பெற்றோர் சில கேள்விகள் கேட்பர். கேட்க வேண்டியவையே.

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்பது முதலாவது. எந்தத் தடுப்பூசியும் கிருமியைச் சந்திக்குமுன் போட்டால்தான் பயன். வந்துவிட்ட வைரஸை இது விரட்டாது. அன்றியும் 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் உடல் மிக நன்றாக எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. "இதைப் போட்டால் பிள்ளைகள் தவறான வழியில் போக இடங்கொடுத்தது போல் ஆகாதா?" என்று கேட்போரும் உண்டு. பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்ததில் அப்படி எதுவும் நேரவில்லை. ஒழுக்கத்தை வீடும் திருச்சபையும் கற்பிக்கின்றன. ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிள்ளைப்பேறு தடைப்படும் என்ற வதந்திக்கும் ஆதாரமில்லை. கருச்சிதைவிலிருந்து பெற்ற செல்களைக் கொண்டு செய்கிறார்களோ என்று மனச்சான்றுள்ள கத்தோலிக்கப் பெற்றோர் ஐயுறலாம். இல்லை, செர்வாவேக் முதலியவற்றின் புரதம் ஈஸ்ட்டில் வளர்க்கப்படுகிறது. ஊசி போட்ட இடத்தில் வலியும் வீக்கமும், சிலருக்குச் சற்றுக் காய்ச்சலும் வரலாம். ஊசியைக் கண்டாலே மயங்குகிற மாணவியர் எந்த வகுப்பிலும் நாலு பேர் இருப்பர். போட்டபின் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் போதும்.

ஊசி எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை. ஆகவே போட்டுக்கொண்டவர்களுக்கும் பின்னாளில் சோதனை உண்டு. அன்று அம்பிளிக்கைப் பகுதியில் ஊசி போட்டுக்கொண்ட சிறுமியருள் மூத்தவர்கள் இப்போது முப்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்கும் சோதனைக்குரிய வயது வந்துவிட்டது.

ஊசிக்குரிய வயதைத் தாண்டிவிட்ட தாய்மாருக்கோ சோதனை ஒன்றே வழி. தமிழகத்தில் 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கி, பின்பு மாநிலம் முழுவதும் அரசு இதை விரிவாக்கியது. இந்தியாவிலேயே இச்சோதனையில் முன்னணியில் இருப்பது நம் மாநிலம். அந்த முன்னணியும் எவ்வளவு என்று பார்த்தால், 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் இச்சோதனையை ஒரு முறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

எனவே மாணவியரே, இந்த மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது இப்பகுதியை அம்மாவிடமும், முப்பது வயது கடந்த அத்தை, சித்தி, பெரியம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இதற்குக் கட்டணம் இல்லை. மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து வேறு எந்த நாளிலும் போகலாம். பெண் செவிலியரே பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மயக்க மருந்து கிடையாது. வினிகர் சோதனையானால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், வைரஸ் சோதனையானால் ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறையும் செய்துகொள்ள வேண்டும். வெண்மை தெரிகிறது என்று சொன்னால் அது புற்று என்று பொருளன்று. திண்டுக்கல்லில் சோதித்தவர்களுள் பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. ஆனால் இரண்டு மாதவிலக்குகளுக்கு இடையே உதிரம் கண்டாலோ, மாதவிலக்கு நின்றபின் மீண்டும் உதிரம் கண்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டாலோ, முகாம் வரும் நாளுக்குக் காத்திராமல் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். தனியே போகத் தயங்குவோர் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகலாம். இருவருக்கும் ஒரே நாளில் வேலை முடியும்.